கேள்விக்கு இடங்கொடுத்த சபை

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாள், கோத்தகிரியில் மஃரிபுக்குப் பின் பராயிழ் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். கம்பளி போர்த்திய பிள்ளைகள் வரிசையாக அமர்ந்திருந்தனர். பெற்றோரும் பிள்ளைகளும் இல்லாத ஒரு பெண் இறந்தால், கணவருக்குச் சரிபாதி, உடன்பிறந்த சகோதரியர் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு என்று விளக்கினோம். தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகன் எழுந்தான்.

"ஹஜ்ரத், பாதியையும் மூன்றில் இரண்டையும் கூட்டினால் ஒன்றைத் தாண்டுகிறதே! இல்லாத சொத்தை எங்கிருந்து கொடுப்பது?"

"கிதாபில் உள்ளதை ஓது, குறுக்குக் கேள்வி வேண்டாம்" என்று பிரம்பைத் தட்டி அவனை அமர்த்திவிட்டோம்.

அப்பிள்ளை பின்னாளில் கணிதம் பயின்று ஆய்வு மாணவனானான். சென்ற ஆண்டு நாம் சென்னை சென்றிருந்தபோது, பல்கலைக்கழகம் ஒன்றில் நடந்த தர்க்கவியல் ஆய்வுரைக்கு நம்மை அழைத்துச் சென்றான். கணிதக் கூற்று எதுவாயினும், அது நிறுவத்தக்கதா என்று தவறாமல் தீர்ப்புரைக்கும் பொதுவழிமுறை கிடையாது என 1936-இல் அலோன்சோ சர்ச்சும் ஆலன் டூரிங்கும் தனித்தனியே நிறுவினர். உரை அதிலிருந்து தொடங்கிற்று. வழிமுறைக்கு அவர்கள் வழங்கும் 'அல்காரிதம்' என்னும் சொல், 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீயின் பெயர்த் திரிபு என்பதை நினைத்து உள்ளம் பூரித்தோம்.

அதற்குமேல் உரையிற் பெரும்பகுதி நமக்கு எட்டவில்லை. ஆயினும் ஒன்று எட்டியது. பாதி உரையில் ஓர் இளம்பெண் கையுயர்த்தி, "ஐயா, அந்த வரியிலிருந்து இந்த வரி எப்படி வருகிறது?" என்றாள். நரைத்த தலையினரான பேராசிரியர் கரும்பலகையைச் சற்றுநேரம் நோக்கினார். "வரவில்லை, ஒரு நிபந்தனையை விட்டுவிட்டேன்" என்று கூறித் திருத்தி எழுதினார். எவரும் முகஞ்சுளிக்கவில்லை.

இச்சபைகள் நம் மலைக்கும் அந்நியமல்ல. 1962-இல் அல்லாடி ராமகிருஷ்ணனின் முயற்சியால் சென்னையில் தோன்றிய கணித அறிவியல் நிறுவனம், 1984 ஜனவரி 5 முதல் 10 வரை எண் கோட்பாட்டு மாநாட்டை உதகமண்டலத்தில் நடத்தியது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் சிறுபிராயத்தினராய் இருந்த நமக்கு அதன் வாடையும் தெரியாது.

அங்கே பெரும்பெயர் சான்றாகாது. ஆறு படைப்பிரிவுகள், ஆறு பதவிகள். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒவ்வொரு பதவிக்கும் ஒருவராக 36 அதிகாரிகள். எந்த வரிசையிலும் எந்த நிரலிலும் பிரிவோ பதவியோ இருமுறை வராமல் அவர்களைச் சதுரமாக நிறுத்த முடியாதென்றார் மாமேதை ஆய்லர். 10, 14, 18 என்று நீளும் எண்களுக்கும் முடியாதென 1782-இல் ஊகித்தார். ஆறுக்கு அவர் சொன்னது சரியே. மற்றவை அனைத்துக்கும் பிழையென 1959-இல் நம் நாட்டவரான போஸும் ஸ்ரீகண்டேவும், அமெரிக்கரான பார்க்கரும் காட்டினர். அதனால் ஆய்லரின் மதிப்புக் குன்றிவிடவில்லை.

திரும்பும் வழியில் நம் மனம் குறுகுறுத்தது. அப்பெண் செய்தது நமக்குப் புதிதா? மன்திக் கலைக்கு 'ஈஸாகூஜீ'யை ஓதியிருக்கிறோம். வாத ஒழுங்கைக் கூறும் ஆதாபுல் பஹ்ஸில், நிறுவப்படாத படிக்குச் சான்று கேட்பதை 'மன்உ' என்பர். அது கேட்பவரின் உரிமை. உரிமையை மனனம் செய்த நாம், அதை ஒரு சிறுவனுக்குக் கொடுக்க மறுத்தோம்.

அதனினும் பெரிய வெட்கம் ஒன்றுண்டு. கணவரும் சகோதரியர் இருவரும் என்னும் இதே வழக்கு ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் எழுந்தது. பங்குகள் மிஞ்சக் கண்ட அவர்கள் ஸஹாபாக்களைக் கூட்டி ஆலோசித்தார்கள். ஆறு பங்கை ஏழாக்கி, கணவருக்கு மூன்று, சகோதரியர்க்கு நான்கு என முடிவாயிற்று. ஏழு ஏக்கர் தேயிலைத் தோட்டமானால் அவருக்கு மூன்று ஏக்கர், சகோதரியர்க்குத் தலைக்கு இரண்டு. இதுவே 'அவ்ல்'. பின்னர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இதில் மாற்றுக்கருத்துக் கொண்டார்கள். அதையும் நம் கிதாபுகள் மறைக்காமல் பதிந்துள்ளன.

கலீஃபா சபை கூட்டிக் கேட்ட கேள்வியையே நம் மாணவன் கேட்டிருக்கிறான். நாமோ பிரம்பொலியால் அடக்கினோம்.

பேருந்து நிலையத்தில் அவனிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கோரினோம். "அன்று விடை கிடைக்காததால்தான் ஹஜ்ரத், தேடிப் போனேன்" என்று சிரித்தான். அவன் பெருந்தன்மை அது. தேடாமலே அடங்கிப்போன பிள்ளைகள் எத்தனை பேரோ, அல்லாஹ்வே அறிவான்.

இப்போது நம் பராயிழ் பாடம் அவனுடைய கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. பிரம்பை எடுத்து வைத்துவிட்டோம்.