தட்டு வராத வானம்

பறக்கும் தட்டுகளில் வேற்றுக்கிரகவாசிகள் வந்துபோகிறார்கள் என்று நான் நம்புவதில்லை. ஆனால் அவற்றைத் தேடுவதற்காக அமெரிக்காவில் தோன்றிய தன்னார்வச் சங்கங்களின் கதையை இரண்டு வருடங்களாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் ஷெல்ஃபைப் பார்த்த நண்பன், “ஏன் மச்சான், நல்லாத்தானே இருந்த?” என்றான். நியாயமான கேள்விதான்.

பகலில் சம்பளத்துக்குக் கோட் எழுதுகிறேன். இரவிலும் வார இறுதியிலும் சம்பளமில்லாமல், தமிழுக்கான ஒரு திறமூலப் பிழைதிருத்தியைச் சில பேரோடு சேர்ந்து பராமரிக்கிறேன். ஆறு வருடமாகிறது. தொடங்கியபோது வாட்ஸப் குழுவில் நாற்பத்தியொரு பேர் இருந்தோம். இப்போதும் நாற்பத்தியொரு பேர்தான். யாரும் வெளியேறவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்துப் படங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. வேலை செய்பவர்கள் நான்கு பேர்.

ஆட்களைத் தக்கவைப்பது பற்றி நிர்வாகவியல் புத்தகங்களில் நிறைய இருக்கிறது. அந்த அறிவுரைக்கெல்லாம் அடியில் சம்பளம் என்ற ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதை உருவிவிட்டால் மிச்சம் எதுவும் நிற்பதில்லை. அதனால்தான் தன் உறுப்பினருக்குக் கொடுக்க மிகக் குறைவாக வைத்திருக்கும் அமைப்பு எது என்று யோசித்தேன். யூஎஃப்ஓ சங்கம்தான் நினைவுக்கு வந்தது. காசு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, எதைத் தேடுகிறோமோ அது கைக்குக் கிடைப்பதே இல்லை. இருந்தும் சில சங்கங்கள் பல பத்தாண்டுகள் ஓடியிருக்கின்றன. எப்படி?

ஓடாமல் போன ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 1956இல் வாஷிங்டனில் உருவானது நைகேப். அடுத்த வருடமே டொனால்ட் கீஹோ என்ற ஓய்வுபெற்ற மரைன் மேஜர் அதன் பொறுப்புக்கு வந்தார். சிஐஏவின் முதல் இயக்குநராக இருந்த ஹிலன்கோட்டரே அதன் நிர்வாகக் குழுவில் சில காலம் இருந்தார் என்றால் அதற்கிருந்த மரியாதையை ஊகித்துக்கொள்ளலாம். 1964இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தகவல்களைச் சலித்து 746 நிகழ்வுகளைத் தேர்ந்தெடுத்து ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். அறுபதுகளின் நடுவில் உறுப்பினர் எண்ணிக்கை சுமார் 14,000 வரை போனது.

கீஹோவின் குறிக்கோள் ஒன்றுதான். விமானப்படை உண்மையை மறைக்கிறது, நாடாளுமன்ற விசாரணை நடத்தி அதை வெளியே கொண்டுவர வேண்டும். சங்கத்தில் புலனாய்வு செய்கிற சிறு குழுக்கள் இருந்தன. ஆனால் பெரும்பாலான உறுப்பினருக்கு வேலை என்பது சந்தா கட்டுவது, செய்திமடல் வாசிப்பது, தங்கள் தொகுதிப் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதுவது. மற்ற நேரமெல்லாம் காத்திருப்பு. பெரிய அறிவிப்பு ஒன்று வரப்போகிறது, இதோ வந்துவிட்டது என்ற பதற்றத்திலேயே வருடங்கள் போயின.

அறிவிப்பு வந்தது, எதிர்ப்பக்கத்திலிருந்து. விமானப்படையின் நிதியில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் எட்வர்ட் காண்டன் தலைமையில் நடந்த ஆய்வின் அறிக்கை 1969 ஜனவரியில் வெளியானது. இதை மேலும் விரிவாக ஆராய்வதால் அறிவியலுக்குப் பயன் இருக்கும் என்று தோன்றவில்லை என்பது அதன் முடிவு. அதே வருடம் டிசம்பரில் விமானப்படை தன் புளூ புக் திட்டத்தை மூடியது. பதிவான 12,618 நிகழ்வுகளில் 701 அடையாளம் காணப்படாமலே நின்றன. நைகேப்பின் உறுப்பினர்கள் கூட்டம் கூட்டமாக விலகினார்கள், கீஹோவும் பொறுப்பிலிருந்து இறக்கப்பட்டார். 1980இல் சங்கமே இல்லை.

701 என்ற எண்ணைக் கவனியுங்கள். மர்மம் தீர்ந்துவிடவில்லை. ஆர்வம் உள்ள ஒருவருக்கு ஆயுள் முழுக்க வேலை இருந்தது. ஆனாலும் போய்விட்டார்கள். அவர்கள் வேலைக்காக வந்தவர்கள் அல்ல, தீர்ப்புக்காக வந்தவர்கள். தீர்ப்பு பாதகமாக வந்ததும் கோர்ட்டில் உட்கார்ந்திருக்கக் காரணம் இல்லாமல் போனது.

இதைவிடப் பழைய சங்கம் ஆப்ரோ. 1952இல் விஸ்கான்சினில் கோரல் லோரன்சன் தொடங்கியது. கணவர் ஜிம்முடன் சேர்ந்து முப்பது வருடங்களுக்கு மேல் நடத்தினார். கோப்பு, பத்திரிகை, முடிவு எல்லாம் அந்த இரண்டு பேரைச் சுற்றியே. 1986இல் ஜிம் இறந்தார், 1988இல் கோரல். அவர்களோடு அமைப்பும் முடிந்தது. எங்கள் தொழிலில் இதற்கு ‘பஸ் ஃபேக்டர்’ என்று பெயர். எத்தனை பேர் மேல் பஸ் ஏறினால் புராஜெக்ட் நின்றுபோகும் என்கிற கணக்கு. ஆப்ரோவுக்கு அது இரண்டு.

அந்த ஆப்ரோவிலிருந்து வால்ட் ஆண்ட்ரஸ் முதலான சிலர் 1969இல் பிரிந்துபோய் உருவாக்கியதுதான் மியூஃபான். வருடத்தைப் பாருங்கள். நைகேப் சரிந்துகொண்டிருந்த, புளூ புக் மூடப்பட்ட அதே வருடம். யூஎஃப்ஓ சங்கம் தொடங்க அதைவிட மோசமான நேரம் இருந்திருக்க முடியாது. ஆனால் அது இன்றும் இருக்கிறது. அதன் அறிவியல் தரத்தைப் பற்றிய கேள்விகள் நிறைய உண்டு, பலவற்றில் எனக்கும் உடன்பாடுதான். நான் பார்ப்பது அதன் கட்டுமானத்தை. மாநிலத்துக்கு ஒரு பொறுப்பாளர், அவருக்குக் கீழே களப்புலனாய்வாளர்கள். களப்புலனாய்வாளர் ஆக ஒரு கையேட்டைப் படித்துத் தேர்வு எழுதிப் பாஸாக வேண்டும். பிறகு, உங்கள் பகுதியில் யாரோ வானத்தில் எதையோ பார்த்தால் அந்தக் கேஸ் உங்கள் பெயருக்கு வரும். நீங்கள்தான் சாட்சியிடம் பேச வேண்டும், நீங்கள்தான் முடித்துக் கொடுக்க வேண்டும்.

முதலில் எனக்கு இது வினோதமாகப் பட்டது. இலவசமாக வேலை செய்ய வருபவனுக்குப் பரீட்சையா? கதவைத் திறந்து வைத்தால்தானே நாலு பேர் வருவார்கள்? பிறகு எங்கள் குழுவை யோசித்தேன். ‘யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எது வேண்டுமானாலும் செய்யலாம்’ என்பதுதான் எங்கள் வரவேற்புச் செய்தி. கேட்க அழகாக இருக்கும். திருநெல்வேலியிலிருந்து சேர்ந்த ஒரு கல்லூரிப் பையன் முதல் வாரமே எனக்கு எழுதினான்: “அண்ணே, அதெல்லாம் சரி. நான் என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க.” சுதந்திரத்தை விடத் தன் பெயர் போட்ட ஒரு சின்ன வேலை அவனுக்குத் தேவைப்பட்டது. அந்த நான்கு பேரில் அவனும் ஒருவன்.

சரி, கேஸ் கையில் வருகிறது. விடை என்ன வரும்? இங்கேதான் ஆலன் ஹென்ட்ரியைச் சொல்ல வேண்டும். புளூ புக்கின் வானியல் ஆலோசகராக இருந்த ஹைனெக் 1973இல் தொடங்கிய ஆய்வு மையத்தில் அவர் முழுநேரப் புலனாய்வாளர். 1,307 நிகழ்வுகளை ஆராய்ந்து 1979இல் புத்தகமாக எழுதினார். அவற்றில் 113 மட்டுமே விளக்கமில்லாமல் நின்றன. மீதியில் நட்சத்திரங்களும் கிரகங்களும், இரவில் விளக்கு எழுத்துகளோடு பறந்த விளம்பர விமானங்களும் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் யாரோ போன் செய்து, நேரத்தையும் திசையையும் கேட்டு, அன்றைய வானத்தோடு ஒப்பிட வேண்டியிருந்தது. “நீங்க பார்த்தது வெள்ளிக் கிரகம்” என்று ஒரு மனிதரிடம் அவர் முகம் வாடாமல் சொல்வதும் ஒரு திறமை.

இதைத் தோல்வி என்று பார்க்கிற சங்கத்தில் யாரும் நிலைக்க மாட்டார்கள். நூற்றில் தொண்ணூறு நாள் தோற்றுக்கொண்டே இருக்க யாருக்கு மனம் வரும்? வெள்ளி என்று கண்டுபிடித்ததே ஒரு விடை, அதுவும் நான் கண்டுபிடித்த விடை என்று எடுத்துக்கொள்ள முடிந்தவருக்கு மட்டும் அடுத்த கேஸ் வேண்டும்.

நார்வேயின் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கில் இதையே இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே இரவுகளில் விளக்கமில்லாத ஒளிகள் தெரிந்தன. ஒரு சிறு குழு 1983இல் கூடியது. ‘வேற்றுக்கிரகவாசிகள் உண்டா?’ என்று அவர்கள் கேட்கவில்லை. ‘இந்த ஒளியை எதைக் கொண்டு அளக்கலாம்?’ என்று கேட்டார்கள். 1984 ஜனவரி 21 முதல் பிப்ரவரி 26 வரை, நார்வே குளிரில், ரேடாரும் கேமராவும் வைத்து முறைபோட்டுக் காவலிருந்தார்கள். 53 முறை ஒளிகளைப் பதிவு செய்தார்கள். 1998இல் அங்கே ஒரு தானியங்கி அளவீட்டு நிலையமும் வந்தது. ஒளி என்ன என்பதில் இன்றுவரை எல்லோரும் ஏற்ற முடிவு இல்லை. ஆனால் கேள்வியைக் கைக்கு அடங்கும் அளவுக்குச் சுருக்கியதால் வேலை நின்றுபோகவில்லை.

சின்ன வேலை கொடு, பெயர் போடு, எல்லோரும் தங்கிவிடுவார்கள் என்று இதை ஒரு சூத்திரமாக்கிவிட ஆசைதான். ஆனால் அந்த 1,307 நிகழ்வுகளையும் அவ்வளவு பொறுமையாகப் பிரித்த ஹென்ட்ரியே சில வருடங்களில் அந்தத் துறையை விட்டு விலகிப்போனார். நல்ல வேலைக்காரரும் போவார். குழந்தை பிறக்கும், வேலை மாறும், அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும், அல்லது போதும் என்று தோன்றும். ஒரு குழுவை நடத்துகிறவன் கேட்டுக்கொள்ள வேண்டியது, போனவர் செய்த வேலை அடுத்தவர் எடுக்கும் நிலையில் இருக்கிறதா என்பதைத்தான்.

எங்கள் நான்கு பேரில் மூத்தவர் காரைக்குடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. வயது எழுபத்தொன்று. வல்லினம் மிகும், மிகா இடங்களுக்கான விதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து நோட்டில் எழுதிப் படமெடுத்து அனுப்புவார். போன மாதம் போனில், “தம்பி, இது நான் இருக்கும்போதே முடிஞ்சிடுமா?” என்று கேட்டார்.

முடியாது. பிழையே விடாத பிழைதிருத்தி எந்த மொழிக்கும் வந்ததில்லை. புதுச் சொல் வந்துகொண்டே இருக்கும், விதிக்கு விலக்கு முளைத்துக்கொண்டே இருக்கும். கீஹோவாக இருந்தால், “இதோ அடுத்த வருஷம்” என்று சொல்லியிருப்பார். நான், “முடியாது டீச்சர். ஆனா நீங்க பார்த்த இருநூத்திப் பதினாலு விதியை இனிமே யாரும் மறுபடி பார்க்க வேண்டியதில்ல” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இருநூத்திப் பதினேழு” என்று திருத்தினார். அன்று இரவு மூன்று படங்கள் வந்தன.