பண்ருட்டியில் பலாப்பழத்துக்குப் பஞ்சமில்லை... மிருதங்கக் கட்டைக்குத்தான் பஞ்சம்!

சித்திரை பிறந்துவிட்டால் பண்ருட்டியைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். பஸ் ஜன்னல் வழியே பலாப்பழ வாசனை முதலில் உள்ளே வரும், ஊர் அப்புறம்தான் வரும். பணிக்கன்குப்பம், காடாம்புலியூர் பக்கம் செம்மண் தோட்டங்களில் அடிமரத்திலேயே காய்கள் குடம் குடமாகத் தொங்கும். சாலையோரம் பழத்தைப் பிளந்து வைத்து, சுளையை எடுத்து நீட்டுவார்கள். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் நகர்வது கஷ்டம்!

இந்த மரங்களைத் தேடி இன்னொரு கூட்டமும் பல காலமாக வருகிறது. அவர்கள் பழத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. மரத்தின் சுற்றளவைத்தான் பார்ப்பார்கள். மிருதங்கம், தவில் இரண்டுக்கும் உடல் பலா மரம்தான். அதிலும் பண்ருட்டிப் பலா என்றால் தனி மவுசு.

ஏன் பலா?

மிருதங்கத்தின் மர உடலை ‘கட்டை’ என்பார்கள். இரண்டு பக்கத் தோலையும் வார் போட்டு இறுக்கும்போது மொத்த இழுவையையும் தாங்குவது இந்தக் கட்டை. போதாததற்கு, சுருதி சேர்க்க ஒவ்வொரு முறையும் கல்லாலும் புள்ளாலும் விளிம்பில் தட்டுவார்கள். இவ்வளவையும் தாங்க மரம் கெட்டியாக இருக்க வேண்டும். கடைந்தெடுக்க இடம் கொடுக்க வேண்டும், பூச்சியும் அரிக்கக் கூடாது. முதிர்ந்த பலாவில் இதெல்லாம் ஒன்றாக அமைகிறது.

‘முதிர்ந்த’ என்பதில்தான் சிக்கல். பலாவின் உள்ளே மஞ்சளாக வைரம் பாய்ந்த பகுதிதான் கட்டைக்கு ஆகும். வெளியே இருக்கும் வெளிர் மரம் சீக்கிரம் வெடிக்கும், பூச்சியும் பிடிக்கும். மிருதங்கம் நடுவில் ஏறக்குறைய ஓர் அடி அகலம், தவில் அதைவிடப் பருமன். அந்த அளவுக்கு வைரம் பாய மரத்துக்கு முப்பது, நாற்பது வயதாவது ஆக வேண்டும்.

காய்த்துக் கொட்டும் மரத்தை யார் வெட்டுவார்கள்? பலா வைத்திருப்பவருக்கு அது வருஷா வருஷம் சம்பளம் கொடுக்கும் பிள்ளை மாதிரி. மகள் கல்யாணம், பாகப்பிரிவினை, மரம் காய்ப்பு ஓய்வது... இப்படி ஏதாவது வந்தால்தான் கோடாலி விழும்.

ஒரே காலையில் விழுந்த தோப்புகள்

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலை. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே ‘தானே’ புயல் கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். தாத்தா காலத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. விழுந்த மரங்கள் பலகையாகவும் விறகாகவும் போயின.

அதன் பிறகு புதுக் கன்றுகள் நட்டார்கள். ஒட்டுக்கன்று என்றால் நாலைந்து வருடத்தில் காய்க்கத் தொடங்கிவிடும். அதனால் பழம் திரும்பி வந்துவிட்டது. வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியாது. மிருதங்கம் செய்கிறவருக்குத் தெரியும். 2012-ல் நட்ட கன்றுக்கு முப்பது வயதாக 2042 வரவேண்டும்! புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி பக்கத்துப் பலாத் தோப்புகளை நம்பியிருக்கலாம் என்றால், 2018 நவம்பர் 16-ல் ‘கஜா’ அங்கேயும் புகுந்துவிட்டுப் போனது.

மரம் போகும் சாலை

விக்கிரவாண்டியில் பிரியும் தஞ்சாவூர் நெடுஞ்சாலை பண்ருட்டி, நெய்வேலி, சேத்தியாத்தோப்பு, அணைக்கரை, கும்பகோணம் வழியாகப் போகிறது. மரம் பிறக்கும் ஊரையும் வாத்தியம் பிறக்கும் ஊரையும் இணைப்பது இந்த ஒரே சாலைதான். தஞ்சாவூர் வீணைக்கும் பலாதான். ஒரே மரத்தில் குடைந்தெடுக்கும் ஏகாண்ட வீணைக்கு நீளமான, பழுதில்லாத அடிமரம் தேவை. ஆக, ஒரு நல்ல மரம் சாய்ந்தால் வீணைக்காரர், மிருதங்கக்காரர், தவில்காரர் மூவருக்கும் அதன் மேல் கண். கதவு நிலைக்கும் பூஜை மண்டபத்துக்கும் கேட்கிறவர்கள் வேறு!

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள நரசிங்கம்பேட்டை நாதஸ்வரக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத் தூண்களையும் உத்தரங்களையும் வாங்கிக் கடைவார்கள். பல வருடம் காய்ந்த மரம், வெடிக்காது. தாள வாத்தியத்துக்கு இந்த வழி இல்லை. ஓர் அடி அகலத்துக்குக் குடைய எந்த வீட்டு உத்தரம் போதும்?

மிருதங்கம் வாசிப்பவர்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும், செய்கிறவர்களின் பெயர் தெரியாது. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்து உள்ளிட்ட பலரைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020-ல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். தலைமுறையாக இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பலர் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர். மரம் கிடைக்காத சுமை முதலில் இறங்குவது இவர்கள் தலையில்தான். காத்திருந்து, கடன் வாங்கி மரத்தை எடுத்தாலும், குடையும்போது உள்ளே ஒரு விரிசல் தெரிந்தால் அந்தக் கட்டை அவ்வளவுதான்.

வாங்கப் போகிறீர்களா?

பிள்ளையை மிருதங்க வகுப்பில் சேர்த்த பெற்றோர் கடையில் பளபளப்பைப் பார்த்து ஏமாறுவதுண்டு. வார்னிஷ் எதையும் மறைக்கும். தோல் மாட்டும் முன்பே கட்டையின் உள்பக்கத்தைக் காட்டச் சொல்வது நல்லது. வெளிர் மரம் எவ்வளவு இருக்கிறது, கணு இருக்கிறதா, மரத்தூள் வைத்து அடைத்த விரிசல் ஏதாவது உண்டா என்று பார்க்க வேண்டும். அவசரத்துக்கு ஈர மரத்தில் கடைந்த கட்டை முதல் கோடையிலேயே வாய் பிளக்கும். தக்கு சுருதிக்கு நீளமான கட்டை, எச்சு சுருதிக்குக் குட்டை என்பதால், எது வேண்டும் என்று வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு போவது உத்தமம்.

ஃபைபர் மிருதங்கமும் வந்துவிட்டது. எடை குறைவு, பூச்சித் தொல்லை இல்லை, வெளிநாட்டுக்குத் தூக்கிப் போகலாம். வீட்டில் கை பழக அது போதும். ஆனால் மரக் கட்டையின் நாதத்துக்குப் பழகிய காது அதை லேசில் ஒப்புக்கொள்வதில்லை.

இன்னொரு வழி, பழைய கட்டை. தோல்தான் அடிக்கடி போகும். நல்ல கட்டை அரை நூற்றாண்டு தாண்டியும் நிற்கும். வீட்டுப் பரணில் தாத்தாவின் மிருதங்கம் தோல் கிழிந்து கிடந்தால், பழைய சாமான்காரரிடம் போடும் முன் மிருதங்கம் செய்கிறவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். கட்டையில் விரிசல் இல்லையென்றால் புது மூட்டு போட்டு அதையே வாசிக்கலாம்.