புளியங்கொட்டைப் போக்கர்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி ஆனால் எங்கள் வீட்டில் ஐந்து பேர் கூடிவிடுவோம். முன்பெல்லாம் கூடத்தில் பாய் விரித்து உட்காருவோம். இப்போது முட்டி சம்மதிப்பதில்லை, சாப்பாட்டு மேசைக்கு மாறிவிட்டோம். தோல் ஷாப்பில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற பாய், கணக்கு வாத்தியார், கம்பவுண்டர், கடையை மகனிடம் கொடுத்துவிட்ட மளிகைக்காரர், அப்புறம் நான். ஆம்பூருக்கு வந்து நாற்பத்தாறு வருடம் ஆகியும் இவர்களுக்கு நான் ‘பாண்டிச்சேரி சார்’தான்.

ஆடுவது சீட்டு. ரம்மி இல்லை, மூணு சீட்டும் இல்லை. போக்கர். அதிலும் ‘ஸ்டட்’ என்கிற பழைய வகை. பந்தயம் புளியங்கொட்டை. ஏன் புளியங்கொட்டை என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். இதுவரை என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம்.

இந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் பெரியப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் இருந்தவர். 1954-க்குப் பிறகு ஊர் திரும்பி, பிரெஞ்சு பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவர் வைத்திருந்தது பிரெஞ்சுச் சீட்டுக்கட்டு. நம் சீட்டில் ராஜாவுக்கு ‘கே’, ராணிக்கு ‘க்யூ’, ஜாக்கிக்கு ‘ஜே’ என்று மூலையில் இருக்கும். அதில் ‘ஆர்’, ‘டி’, ‘வி’. ருவா, தாம், வலே. ஆஸுக்கு வெறும் ஒன்று. நானும் லிசேயில் பிரெஞ்சில் படித்துக்கொண்டிருந்த பையன் என்பதால் அந்தக் கட்டு எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. ஆம்பூருக்கு வந்த பிறகுதான் ஆங்கில எழுத்துப் போட்ட சீட்டுக்குப் பழகினேன்.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆளுக்கு ஒரு கொட்டை நடுவில் போட வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்து, ஒன்று திறந்து. அதைப் பார்த்து ஒரு சுற்றுப் பந்தயம். அப்புறம் ஒவ்வொன்றாக மூன்று சீட்டு திறந்து வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தயம். ஏழாவது சீட்டு கவிழ்த்து, கடைசிப் பந்தயம். ஏழில் நல்ல ஐந்தை எடுத்துக் காட்ட வேண்டும். ஏழு பேர் வரை ஆடலாம். எட்டுப் பேர் உட்கார்ந்து எல்லோரும் கடைசி வரை இருந்தால் 56 சீட்டு வேண்டும், கட்டில் இருப்பதோ 52.

மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் இங்கே ஓர் இடத்தில் தவறாமல் தடுக்கி விழுவார்கள். அதில் சீக்வென்ஸ் பெரியது, கலர் சின்னது. போக்கரில் தலைகீழ், கலர்தான் பெரியது. “இதென்ன அநியாயம் சார்?” என்று பாய் ஒரு மாதம் சண்டை போட்டார். வாத்தியார்தான் காகிதத்தில் போட்டுக் காட்டினார். மூன்று சீட்டில் கலர் 1,096 விதமாக வரும், சீக்வென்ஸ் 720 விதமாகத்தான் வரும். ஐந்து சீட்டானால் கலர் 5,108 விதம், சீக்வென்ஸ் 10,200 விதம். எது அரிதோ அது பெரியது. அதற்கப்புறம் பாய் பேசவில்லை.

சரி, இதில் ஜெயிக்க என்ன வழி? பெரியப்பா சொன்னது இரண்டே விஷயம்.

முதலாவது, முதல் மூன்று சீட்டிலேயே முடிவு எடுத்துவிட வேண்டும். மூன்றும் ஒரே எண்ணாக வந்தால் ராஜயோகம், ஆனால் அது 425 ஆட்டத்துக்கு ஒரு முறைதான். பெரிய ஜோடி வந்தால் இருக்கலாம். அந்த ஜோடி கவிழ்த்த இரண்டு சீட்டிலேயே இருந்தால் இன்னும் நல்லது, எதிராளிக்குத் தெரியாது. மூன்றும் ஒரே கலர், அல்லது மூன்றும் அடுத்தடுத்த எண் என்றால் யோசிக்கலாம். மற்றதெல்லாம் உடனே பேக். ஐந்து ஆட்டத்தில் மூன்று ஆட்டம் பேக் செய்துவிட்டு வேடிக்கை பார்க்கிறவன்தான் ஸ்டட் ஆடத் தெரிந்தவன்.

இரண்டாவது, நம் சீட்டைப் பார்ப்பதைவிட அடுத்தவர் முன்னால் திறந்து கிடப்பதைப் பார்க்க வேண்டும். உங்களிடம் எட்டு ஜோடி இருக்கிறது. மூன்றாவது எட்டுக்குக் காத்திருக்கிறீர்கள். எதிரே ஒருவரிடம் ஒரு எட்டு திறந்து கிடந்தால், கட்டில் மிச்சம் ஒன்றுதான். இரண்டும் வெளியே கிடந்தால் நீங்கள் காத்திருப்பது வராத ரயிலுக்கு. இதில் ஒரு சிரமம் உண்டு. பேக் செய்தவர் தன் சீட்டைக் கவிழ்த்துவிடுவார், அதோடு அது கண்ணை விட்டுப் போய்விடும். மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் இன்றைக்கும் பிரெஞ்சில்தான் எண்ணுவேன். அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலத்தில் எழுதினேன், வீட்டில் தமிழ் பேசுகிறேன். ஆனால் சீட்டைக் கையில் எடுத்தால் ‘அங், தெ, த்ருவா’ என்று உதடு தானாக முணுமுணுக்கிறது.

இவ்வளவும் எனக்கு 1983-லும் தெரியும். அதுதான் விஷயமே.

அந்த வருடம் தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி. சம்பளம் வாங்கி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. தோல் வாங்க வந்திருந்த வியாபாரிகள் இரண்டு மூன்று பேர், உள்ளூர் ஆட்கள் இரண்டு பேர், ஒரு மாடி அறையில் ஆட்டம். வழக்கமாக மூணு சீட்டு நடக்கிற இடம். நான்தான் பெருமையாக, “அதெல்லாம் வெறும் அதிர்ஷ்டம், மூளை வைத்து ஆடுகிற ஆட்டம் ஒன்று சொல்லித் தருகிறேன்” என்று ஆரம்பித்தேன். ஆறு பேர். ஒரு மணி நேரம் நான்தான் ஜெயித்தேன்.

அப்புறம் எனக்கு மூன்று ஆட்டின் வந்தது. ஆஸ், பத்து, ஏழு. எதிரே ஐந்து பேருடைய திறந்த சீட்டில் மூன்று ஆட்டின் கிடந்தது. ஒன்றும் கிடக்காமல் இருந்திருந்தால் கலர் சேர நூற்றுக்கு 22 வாய்ப்பு. மூன்று வெளியே போய்விட்டதால் நூற்றுக்கு 11, சரி பாதி. அப்போதே பேக் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஐந்தாவது சீட்டில் நாலாவது ஆட்டின் வந்தது. உடம்பெல்லாம் சூடானது. ஆறாவது சீட்டு முடிந்தபோது மூன்று பேர் பேக் செய்துவிட்டார்கள். என்னிடம் நான்கு ஆட்டின். மற்றவர்களிடம் நான் பார்த்தது ஏழு. மொத்தம் பதின்மூன்றில் மிச்சம் இரண்டு. நான் பார்க்காத சீட்டு 34. பதினேழுக்கு ஒன்று. மனதில் கணக்கு துல்லியமாக ஓடியது, பிரெஞ்சில்.

எதிராளி 200 ரூபாய் வைத்தார். இன்னொருவர் பேக். நடுவில் அவர் வைத்ததையும் சேர்த்து 700 ரூபாய்போல இருந்தது. பதினேழுக்கு ஒன்று என்கிற வாய்ப்புக்கு 200 போட வேண்டுமானால், நடுவில் மூவாயிரத்துக்கு மேல் இருந்தால்தான் நியாயம். அதுவும் தெரியும். ஆனால் அதற்குள் நான் 150 போட்டிருந்தேன். ‘போட்டதை எப்படி விட்டுவிட்டு வருவது?’ என்று ஒரு குரல். 200-ஐ வைத்தேன்.

கடைசிச் சீட்டு கிளாவர் நாலு.

அந்த ஆட்டத்தோடு எழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. விட்டதைப் பிடிக்க உட்கார்ந்தேன். விடியற்காலையில் ஊரே வெடி வெடித்துக்கொண்டிருந்தபோது, சம்பளத்தில் பாதி போய், வீட்டு வாடகைக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி நடந்து வந்தேன். மனைவி எண்ணெய் காய்ச்சி வைத்திருந்தாள். சொன்னேன். அவள் திட்டவில்லை, அழவில்லை. காதில் இருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். வாடகை கட்டினோம். தோட்டை மீட்க ஏழு மாதம் ஆனது.

ஒரு வாரம் கழித்து, புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள், அந்தக் கொட்டையைக் கழுவிக் காயவைத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு என் முன்னால் வைத்தாள். “ஆடணும்னு தோணினா வீட்டுல ஆடுங்க. இதை வச்சு ஆடுங்க” என்றாள். அவ்வளவுதான்.

சீட்டாட்டத்தைப் பற்றி நீதிமன்றம் பேசும்போதெல்லாம் திறமையா, அதிர்ஷ்டமா என்றுதான் பேச்சு. 1968-ல் உச்ச நீதிமன்றம், ரம்மி மூணு சீட்டைப் போல முழுக்க அதிர்ஷ்ட ஆட்டம் இல்லை, பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியோடு போக்கரையும் திறமை ஆட்டமாக ஏற்றுக்கொண்டது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் கூடாது என்று சொல்லிவிட்டது. சட்டம் எனக்குத் தெரியாது. திறமை ஆட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் எண்ணத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதிகம் தோற்றவனும் நான்தான். எண்ணுவது ஒரு திறமை. எண்ணியதற்குக் கட்டுப்பட்டு எழுந்திருப்பது வேறு திறமை. அதை லிசேயில் சொல்லித் தரவில்லை, பெரியப்பாவும் சொல்லித் தரவில்லை.

போன மாதம் பாய்தான் பேச்சை எடுத்தார். “கொட்டை வச்சா யாரும் பேக் பண்ண மாட்டேங்கறாங்க சார். எல்லாரும் கடைசி சீட்டு வரைக்கும் வராங்க. பத்து ரூபா பத்து ரூபாயா வைக்கலாமே?” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இழப்பு இல்லாத இடத்தில் பேக் செய்ய யாருக்கும் மனம் வராது. மிரட்டிப் பந்தயம் வைத்தாலும் பயப்பட ஆள் இல்லை. ஆட்டமே கெட்டுவிடும்.

அன்றைக்குத்தான் 1983 கதையை அவர்களிடம் சொன்னேன். மேசையில் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாத்தியார் ஒரு யோசனை சொன்னார். மாதத்தின் முதல் ஞாயிறு ஆளுக்கு நூறு கொட்டை, பென்ஷன் மாதிரி. அடுத்த மாதம் வரைக்கும் அதுதான். கடன் கிடையாது. தீர்ந்து போனவர் ஆடக்கூடாது, மிச்ச ஞாயிறுகளில் மற்றவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்க வேண்டும்.

பாய் சம்மதித்தார். அந்த வாரத்திலிருந்தே எல்லோரும் பேக் செய்யக் கற்றுக்கொண்டார்கள். காசு வேண்டாம், அளவு இருந்தால் போதும் என்று தெரிந்தது. மூன்றாவது ஞாயிறு கம்பவுண்டர் டீ போட்டார். நன்றாகவே போட்டார்.

போன ஞாயிறு எனக்கு மூன்று ஆட்டின் வந்தது. எதிரே இரண்டு கிடந்தது. பேக் செய்தேன். எனக்கு வந்திருக்க வேண்டிய அடுத்த சீட்டு வாத்தியாருக்குப் போனது. ஆட்டின் ராணி. நாற்பத்திரண்டு வருடம் ஆகியும் வயிற்றில் அந்தச் சுரீர் வந்தது, பொய் சொல்வானேன். பாட்டிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கொட்டை அப்படியே இருந்தது. சமையலறை வாசலில் நின்று மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் அதே தோடு.