இருவர் மட்டும் ஏறும் மலை

புனே, ஏப்ரல் 6, 2025

ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் பெரும்பகுதியில் வெயில் வழக்கத்தைவிட அதிகம், அனல் அலை வீசும் நாட்களும் அதிகம் என்று வானிலைத் துறை மார்ச் கடைசியில் அறிவித்தது. அன்றோடு எங்கள் கோடைத் திட்டம் நின்றுவிட்டது. கணவனும் மனைவியும் மட்டும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ராஜ்கட், தோரணா மலைக்கோட்டைகளுக்குப் போவது சரிதானா என்ற கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். பதில் கிடைக்கும்வரை எழுதிப் பார்ப்பதென்று வைத்திருக்கிறேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் முதல் சமாதானம், மேலே போனால் குளிரும் என்பது. கணக்குப்படி அது பொய்யில்லை. புனே கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தோரணா 1,403 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்று வைத்தால் உச்சியில் ஐந்து டிகிரிக்கு மேல் மிச்சம். ஆனால் நகரத்து வெப்பநிலை என்று செய்தித்தாளில் வருவது, 1928-ல் சிம்லாவிலிருந்து இங்கே பெயர்ந்து வந்த சிவாஜிநகர் வானிலை அலுவலகம் போன்ற இடங்களில், காற்று புகும் வெள்ளை மரப்பெட்டியின் நிழலுக்குள் வைத்து அளந்தது. மலை ஏறுகிறவருக்கு அந்த நிழல் இல்லை. சஹ்யாத்ரி மலைத்தொடரின் கரும்பாறை காலையிலிருந்து வாங்கிய சூட்டை மாலைவரை திருப்பித் தருகிறது. ஏப்ரலில் மரங்கள் மொட்டை, புல் சருகு. பற்றாததற்கு, ஏறுகிற உடம்பே ஓர் அடுப்பு. உயரம் தந்த ஐந்து டிகிரி முதல் ஒரு மணி நேரத்திலேயே செலவாகிவிடும். ஆகவே உயரத்தை நம்பிக் கோடைப் பயணத்தை நியாயப்படுத்த முடியாது.

ஏப்ரல் 9

தண்ணீர்க் கணக்கைப் போடாமல் இந்த வாதம் நகராது.

ஏப்ரல் 13

வெயிலில் ஏறுகிறவர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வியர்வையாக இழப்பது சாதாரணம். மூன்று மணி நேர ஏற்றம், மாலைச் சமையல், இரவு, மறுநாள் இறக்கம் என்று கூட்டினால் ஆளுக்கு ஐந்து லிட்டருக்குக் குறையாது. இருவருக்குப் பத்து லிட்டர் என்றால் பத்து கிலோ. கூடாரம், அடுப்பு, விரிப்பு, சாப்பாடு எல்லாம் அதற்கு மேல். கோட்டைகளில் பாறையைக் குடைந்து வெட்டிய தொட்டிகள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. மராத்தியில் டாக்கே என்கிறார்கள். மழைநீரைச் சேர்த்துவைத்து ஒரு படையையே காப்பாற்றிய ஏற்பாடு. ஆனால் கோடை முற்றும்போது நீர் படிக்கட்டுக்குக் கீழே இறங்கி, மேலே பச்சை ஆடை கட்டி, அதற்கு மேல் ஒரு பிஸ்கட் உறையும் மிதக்கும். காய்ச்சிக் குடிக்கலாம். நம்பிப் போகக் கூடாது.

தண்ணீரைவிடப் பெரிய சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. மலையேறுகிறவர்களிடையே பழைய விதி ஒன்று உண்டு: குறைந்தது நால்வர். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் உடனிருக்கலாம், இருவர் உதவி தேடி இறங்கலாம். இருவர் மட்டும் போனால் இந்த விதி உடைகிறது. ஒருவர் விழுந்தால் மற்றவர் உடனிருப்பதா, விட்டுவிட்டு இறங்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். இரண்டுமே தவறாக முடியலாம். அதிலும் வெப்பத் தாக்குதல் முதலில் குழப்புவது புத்தியை. 'எனக்கு ஒன்றுமில்லை, நடக்கலாம்' என்று சொல்கிறவர்தான் பெரும்பாலும் ஆபத்தில் இருக்கிறவர். அவரை மறுத்துப் பேச மூன்றாவது குரல் அங்கே இல்லை.

எதிர்வாதம் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது: நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் எதற்கு மலைக்குப் போக வேண்டும்? இரண்டு அறை வீடு, ஆளுக்கொரு அலுவலகம், ஓயாத தொலைபேசி. இவற்றுக்கு நடுவே ஒரு தம்பதி பேச்சில்லாமல் சேர்ந்து நடப்பதற்கு மலையைத் தவிர வேறு இடம் எது? இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பாதுகாப்புக்காகப் பயணத்தின் காரணத்தையே கைவிடச் சொல்லும் விதியை யாரும் பின்பற்றமாட்டார்கள்.

ஏப்ரல் 20

எண்ணிக்கையே பாதுகாப்பு என்ற நினைப்பைக் குரங்கணி முன்பே உடைத்துவிட்டது. தேனி மாவட்டத்தில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கியவர்கள் தனியாகப் போனவர்கள் அல்லர். சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் வந்த இரண்டு குழுவினர், முப்பது பேருக்கு மேல். இருபதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். இறந்தவர்களில் மணமாகிச் சில மாதங்களே ஆன தம்பதியும் உண்டு. காய்ந்த புல்லில் தீ சரிவின் மேல்நோக்கி ஓடும்போது மனிதக் காலால் அதை முந்த முடியாது. அந்த மலையின் காற்றும் புல்லும் தெரிந்தவர் வழி சொன்னால்தான் உண்டு. முப்பது பேர் இருந்தும் அது தெரியாவிட்டால், முப்பது தனி ஆட்கள்தான்.

இங்கேயும் அதே புல், அதே மாதங்கள். மாசி பங்குனியில் சஹ்யாத்ரிச் சரிவுகளில் இரவில் தீக்கோடுகள் தெரியும். மராத்தியர்கள் வணவா என்பார்கள். மழைக்குப் பின் புல் நன்றாகத் தழைக்கும் என்று வைக்கும் தீயும் உண்டு, பீடித் துண்டிலிருந்து வரும் தீயும் உண்டு. தீ தாண்டாமல் இருக்க வனத்துறை வெட்டும் இடைவெளிக் கோடு எங்கே இருக்கிறது என்பது கீழ்க் கிராமத்து மாடு மேய்ப்பவருக்குத் தெரியும். கைப்பேசி வரைபடத்துக்குத் தெரியாது.

குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாடு அதே ஆண்டில் மலையேற்ற விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' தொடங்கியது: 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையத்தில் பதிவு, மலைக் கிராமத்து இளைஞர்களே வழிகாட்டிகள், தீப் பருவமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடல். கட்டணம் கட்டித்தான் மலை ஏற வேண்டுமா என்ற முணுமுணுப்பு நியாயமானதுதான். மலை யாருடைய வீட்டுத் திண்ணையும் அல்ல. ஆனாலும் அந்தத் திட்டத்தில் ஒரு விவரம் என்னை விடவில்லை. போகிறவர்கள் யார், எத்தனை பேர், எப்போது திரும்ப வேண்டும் என்று கீழே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் அதை அப்படியே நகல் எடுக்க முடியாது. ஒவ்வொரு கோட்டைக்கும் நான்கைந்து ஊர்ப் பாதைகள் இருக்கும்போது எந்த வாசலில் சீட்டுக் கிழிப்பது?

ஏப்ரல் 27

போப்தேவ் மலைப்பாதையில் நடந்ததைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மே 4

சென்ற ஆண்டு அக்டோபரில், புனேயின் விளிம்பிலுள்ள போப்தேவ் மலைப்பாதைக்கு நண்பருடன் இரவில் சென்ற இளம்பெண்ணைக் கும்பல் ஒன்று வன்கொடுமை செய்தது. நான் எழுதிவரும் வாதத்துக்கு எதிராக இதைவிடக் கனமான சான்று கிடையாது. தண்ணீரும் நேரமும் சரியாக இருந்தாலும் மனிதன் இருக்கிறான். இருவர் என்பது எளிதாக மடக்கக்கூடிய எண்ணிக்கை. ஜோடிகளை மாலைக்குப் பின் மலைப்பக்கம் விடவே கூடாது என்று சொல்கிறவர்களின் பயத்தைக் கேலி செய்ய நான் தயாரில்லை.

ஆனால் தடை என்ன செய்யும் என்று யோசிக்க வேண்டும். விரட்டப்படுகிற ஜோடி வீட்டுக்குப் போய்விடாது, இன்னும் ஆளில்லாத வளைவுக்குப் போகும். 'கல்யாணம் ஆயிற்றா, அடையாள அட்டை எங்கே' என்று மிரட்டுகிறவர்கள் இருக்கும் ஊரில், இருவர் எங்கேயும் பெயரைப் பதியமாட்டார்கள், யாரிடமும் சொல்லிவிட்டுப் போகமாட்டார்கள். அவர்கள் இருக்குமிடம் ஒருவருக்கும் தெரியாது என்பதுதான் குற்றவாளிக்குக் கிடைக்கும் பெரிய வசதி. அவமானத்துக்குப் பயந்து ஒளிகிறவர்களைச் சட்டம் கடைசியில்தான் கண்டுபிடிக்கிறது. தாலியும் சான்றிதழும் உள்ள நாங்கள் இதை எழுதுவது சுலபம் என்பதும் தெரிகிறது. இன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மே 11

ராஜ்கட்டுக்கு ஏற குஞ்சவணே ஊரிலிருந்து சோர் தர்வாஜா வழி இருக்கிறது. கடைசிப் பகுதி செங்குத்து, கம்பியைப் பிடித்து ஏற வேண்டும். இப்படிப்பட்ட கோட்டை அடிவாரங்களில் மஞ்சள் பிட்லாவும் சுடச்சுடப் பாக்ரி ரொட்டியும் பரிமாறுகிற வீடுகள் உண்டு, கூடவே பச்சை மிளகாய்த் தேச்சா, ஒரு தம்ளர் மோர். மே மாதத்தில் இலைத் தொன்னையில் களாப்பழம் விற்பார்கள். சொன்னால் வழிகாட்ட ஒருவர் கூட வருவார், வாட்டாட்யா என்று அவரைக் கூப்பிடுவார்கள். அவரை மேலே கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். ஆனால் சாப்பாட்டுக்கு முன்பணம் கொடுத்து, 'நாளை பத்து மணிக்குள் வந்துவிடுவோம்' என்று சொல்லிவிட்டுப் போனால், பத்தரைக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து ஒருவர் மலையை அண்ணாந்து பார்ப்பார். நால்வர் விதியில் விடுபட்ட இருவர் இங்கே இருக்கிறார்கள்.

கிராமத்தின் தலையில் நகரத்தின் விளையாட்டைக் கட்டுவதா என்று கேட்கலாம். ஏற்கெனவே கட்டியாயிற்று. லோணாவளாவின் சிவதுர்க் மித்ர போன்ற தன்னார்வ மீட்புக் குழுக்கள் வந்து சேர்வதற்கு முன், இருட்டில் டார்ச்சோடு முதலில் ஏறுகிறவர்கள் அடிவாரத்து இளைஞர்கள். அது இலவசமாக நடக்கிறது. பாக்ரிக்கும் வழிகாட்டுதலுக்கும் உரிய காசு கொடுத்துப் போவது அந்தக் கடனில் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டுவதாகும். தெரியாதவரை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. பெயர் தெரிந்த ஊரில் பலர் பார்க்க ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களை, யாருமே பார்க்காதவர்களைவிட அதிகப் பாதுகாப்பில் இருப்பவர்களாகவே கருதுகிறேன்.

மே 26

மழை! பருவக்காற்று இன்றே புனேவுக்கு வந்துவிட்டதாம், இரண்டு வாரம் முன்னதாக. கோடை முடிந்தது, ஒரு மலைக்கும் போகவில்லை. மண்வாசனையில் எல்லா வாதமும் அற்பமாகத் தெரிகிறது.

ஜூன் 16

நேற்று ஞாயிற்றுக்கிழமை, தளேகாவ் அருகே குண்ட்மளாவில் இந்திராயணி ஆற்றின் மேலிருந்த இரும்புப் பாலம் கூட்டத்தோடு இடிந்து விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். சென்ற ஆண்டு ஜூன் 30 அன்று லோணாவளாவின் பூஷி அணைக்குப் பின்னாலிருக்கும் அருவியில் ஒரே குடும்பத்தின் ஐந்து பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள், பின்னாலேயே தடை உத்தரவுகள் வந்தன. இம்முறையும் வரும். நகரத்துக்கு அருகே, வண்டி போகும் தூரத்தில், நூற்றுக்கணக்கானோர் நடுவில் இவர்கள் இறந்தார்கள். இதை என் வாதத்துக்குச் சாதகமாக எழுதிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 12

மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை நேற்று யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. ராஜ்கட், லோகட், சிவ்நேரி எல்லாம் உண்டு. பன்னிரண்டில் ஒன்று மட்டும் மகாராஷ்டிரத்துக்கு வெளியே, நம் செஞ்சி. இனிக் கூட்டம் கூடும், வேலியும் சீட்டும் நேரக் கட்டுப்பாடும் வரலாம். அவற்றில் பல தேவையானவையே. கோட்டையில் இரவு தங்குவதும் விதிக்கு உட்பட்டதாகத்தான் இருக்க வேண்டும். கூடாரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னும் முடிவில்லை. ஒருவர் விற்றுவிடலாம் என்கிறார், ஒருவர் வெயிலில் காயவைத்து மடித்து வைத்திருக்கிறார்.

அடுத்த பங்குனியில் இருவராகக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. விடியுமுன் ஏறத் தொடங்குங்கள், பத்து மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள், ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் சுமக்க முடியாவிட்டால் இரவு தங்க நினைக்காதீர்கள். கடைசி வீட்டில் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்து, உங்கள் பெயரையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டு ஏறுங்கள்.