அறிந்தவர் தரும் கடன்

கடன் கொடுப்பவர் ஈட்டை நம்பிக் கொடுக்கிறாரா, ஆளை நம்பிக் கொடுக்கிறாரா? இராயபுரத்தில் வளர்ந்த எனக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்ற என் பெரியம்மாவிடம் ஈடு வைக்க ஏதுமில்லை. வங்கியின் படிகளை அவர் ஏறியதுமில்லை. தண்டல்காரர் மட்டுமே கொடுத்தார். 1000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 850 தருவார்; நாளுக்கு 10 ரூபாயாக 100 நாளில் தீர்க்க வேண்டும். ஆண்டுக் கணக்கில் இவ்வட்டி 100 விழுக்காட்டைத் தாண்டும். ஆயினும் பெரியம்மா அவரைப் பழித்ததில்லை. "அவராவது என்னைத் தெரிஞ்சு குடுக்கிறாரே" என்பார்.

அச்சொல்லின் ஆழத்தைப் பேராசிரியர் ரகுராம் ராஜனின் ஆய்வுகளைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். தமிழ்க் குடும்பத்தில் 1963இல் போபாலில் பிறந்த அவர், வங்கித்தொழில் குறித்த ஆய்வுக்காக 1991இல் முனைவர் பட்டம் பெற்றுச் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் நிதியியல் பேராசிரியரானார். உலக நிதியமைப்பில் மறைந்துகிடந்த ஆபத்தை 2005இலேயே எடுத்துரைத்தார். 2008இல் நெருக்கடி வெடித்தது. 2013 முதல் 2016 வரை ரிசர்வ் வங்கியின் ஆளுநராக விளங்கினார். இவற்றையெல்லாம்விட அவருடைய இரண்டு பழைய கட்டுரைகளே என் நெஞ்சில் நிற்கின்றன.

மிட்செல் பீட்டர்சனுடன் இணைந்து அமெரிக்கச் சிறு தொழில்களை ஆராய்ந்து 1994இல் அவர் வெளியிட்ட முடிவு இது: கடன் தருபவரோடு நெருங்கிய உறவு கொண்ட தொழிலுக்குக் கடன் எளிதில் கிடைக்கிறது, ஆனால் அந்த நெருக்கத்தால் வட்டி பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை. 1992இல் எழுதிய கட்டுரை மறுபக்கத்தைக் காட்டுகிறது. நம்மை நன்கறிந்தவர், நமக்கு வேறு புகலிடமில்லை என்பதையும் அறிவார். அந்த அறிவே நம் உழைப்பின் பயனில் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொள்ளும் வலிமையாகிறது. உழைப்பவரின் ஊக்கமும் அதனால் குன்றுகிறது. தண்டல்காரர் அருளாளராகவும் சுரண்டுபவராகவும் ஒருங்கே தோன்றிய விந்தை எனக்கு இங்கே விளங்கிற்று.

தமிழக அரசு 2003இல் இயற்றிய மிகைவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் கந்துவட்டியையும் விலக்கியது. நல்ல சட்டந்தான். ஆனால் தண்டல்காரர் தெருத்தெருவாய் நடந்து தேடிய அறிமுகத்தைச் சட்டம் வங்கிக்கு ஈட்டித் தர இயலுமா?

1992இல் நபார்டு வங்கி தொடங்கிய சுயஉதவிக் குழு இணைப்பின் அருமை இவ்விடத்தில் புலப்படுகிறது. பத்துப் பதினைந்து பெண்கள் சிறுகச் சேமித்து, ஒருவருக்கொருவர் பிணை நின்று, வங்கியை அணுகுகிறார்கள். ஒருத்தியின் வறுமையும் நேர்மையும் தனியொருவரின் மூலதனமாகாமல், தோழியர் அனைவரும் அறிந்த செய்தியாகிவிடுகின்றன.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் பங்குகளில் ஏழைகளுக்கு உதவ முன்வருவோர் பலர். பணத்தைக் கொடுப்பது எளிது. மீன்கூடையோடு நம் வாசலைக் கடக்கும் பெண்ணை அறிந்துகொள்வதும், அவ்வறிவைக் கொண்டு அவளைக் கட்டிப்போடாமல் இருப்பதும் அதனினும் அரியவை. கடனைத் தாங்கி நிற்பது நம்பிக்கை. பிறரை அறிய மனமில்லாதவரிடம் அது பிறப்பதில்லை.