கை வைக்கும் வேலையும் வைக்காத வேலையும்

எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு வீட்டில் நல்ல பெயர் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய செய்தித்தாளை விரித்து, சைக்கிள் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் ஆளிடம், “கடையில விட்டா அரை மணியில முடிச்சுக் குடுத்துருவாங்களே” என்று சொல்லாத உறவுக்காரர் கிடையாது. நியாயமான பேச்சுதான். கணக்குப் போட்டால் இன்னும் நியாயம். கோன் ஸ்பேனர், செயின் கழற்றும் கருவி, ஸ்போக்ஸ் சாவி என்று நான் வாங்கிச் சேர்த்திருப்பவற்றின் விலைக்குப் பல வருஷம் கடையிலேயே ஓவராயில் பண்ணியிருக்கலாம். ஆகவே சிக்கனம் என்ற சாக்கை நான் சொல்வதில்லை.

எனக்கு இப்படி இரண்டு பழக்கங்கள். ஒன்று சைக்கிள் பராமரிப்பு. இன்னொன்று, வீட்டிலேயே இஞ்சியைப் புளிக்கவைத்து ஜிஞ்சர் பீர் போடுவது. இரண்டையும் ஒரே ஆள் செய்வது கொஞ்சம் சங்கடம். ஒன்றில் கை வைத்தால்தான் வேலை நடக்கும். மற்றதில் கை வைத்தால் கெட்டுப்போகும்.

சைக்கிளை முதலில் சொல்லிவிடுகிறேன். காயலான் கடையில் எடுத்த பழைய ஹெர்குலிஸ் அது. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரிப்பு. கம்பி பிரேக், முன்னால் 32, பின்னால் 40 ஸ்போக்ஸ். இந்த வண்டியில் மறைவாக அதிகம் எதுவும் இல்லை. பெடலை மிதித்தால் என்ன நடக்கிறது என்பதைச் செயினோடு கண்ணை ஓட்டிப் பார்த்துவிடலாம். சத்தம் வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று விரலை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத சில இடங்களில் ஒன்று சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப். அதனால்தானோ என்னவோ, எனக்குப் பிடித்த வேலையும் அதுதான். முன் சக்கரத்தைக் கழற்றி, அச்சின் ஒரு பக்கத்து நட்டையும் கோனையும் எடுத்துவிட்டால் பால்ரஸ் குண்டுகள் கறுத்த கிரீஸில் புதைந்து கிடக்கும். பக்கத்துக்குப் பத்து, ஒவ்வொன்றும் 3/16 அங்குலம். பின் சக்கரத்தில் குண்டு கொஞ்சம் பெரிது, கால் அங்குலம், பக்கத்துக்கு ஒன்பது. மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பாகிவிட்டதால் டீசலில் போட்டு அலசுகிறேன். துணியில் உருட்டித் துடைத்தால் ஒவ்வொன்றும் பளிச்சென்று வரும். ஒன்றிரண்டு மட்டும் வராது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் அம்மைத் தழும்பு போல ஒரு சின்னக் குழி தெரியும். அதைப் போட்டு ஓட்டினால் கோனையும் தின்றுவிடும். அப்படி ஒரு குண்டு கெட்டிருந்தால் அந்தப் பக்கத்துப் பத்தையுமே மாற்றிவிடுவது நல்லது. தேய்ந்ததோடு புதிதைக் கலந்தால் பாரம் சமமாக இறங்காது.

புதுக் கிரீஸ் அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்து, கோனை முடுக்குவதில்தான் சூட்சுமம். அழுத்தி முடுக்கினால் சக்கரம் கரகரக்கும். தளர்வாக விட்டால் பக்கவாட்டில் ஆடும். சரி என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்தி நட்டைப் பூட்டினால், பூட்டுகிற வேகத்தில் கோன் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்விடும். ஆகவே சரியான இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே விட்டுவிட வேண்டும். சரியாக வந்ததா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். சக்கரத்தை ஃபோர்க்கில் மாட்டி, வால்வு ஏறக்குறைய மூன்று மணி முள் காட்டும் இடத்தில் இருக்கும்படி நிறுத்திக் கையை எடுத்துவிட வேண்டும். வால்வின் எடை மட்டுமே இழுத்து, சக்கரம் தானாகச் சுழன்று, வால்வு கீழே வந்து, முன்னும் பின்னும் ஊசலாடி நின்றால் வேலை முடிந்தது.

கிரீஸ் மாற்றுகிற இந்த அழுக்கு வேலை ஒரு பந்தயத்துக்கே பெயர் கொடுத்திருக்கிறது. 1970-களில் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில், கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி போன்றவர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களைக் குப்பையிலிருந்தும் அடிமாட்டு விலைக்கும் எடுத்துவந்து மலைச்சரிவில் ஓட்டினார்கள். அவற்றில் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கிற பிரேக் ஹப்புக்குள் இருக்கும். ஒரு இறக்கம் இறங்கினால் அந்தச் சூட்டில் கிரீஸ் புகைந்து தீய்ந்துவிடும். அடுத்த ஓட்டத்துக்கு முன் புதிதாக அடைக்க வேண்டும். அந்த வேலையின் பெயரையே வைத்து 1976-இல் ‘ரீபேக்’ பந்தயத்தைத் தொடங்கினார்கள். இன்று கடையில் பார்க்கும் மவுண்டன் பைக்குகளின் வம்சம் அங்கே தொடங்குகிறது. எவரும் தொழிற்சாலை வைத்து ஆரம்பிக்கவில்லை. ரைட் சகோதரர்களும் டேட்டனில் சைக்கிள் கடை நடத்தியவர்கள்தானே. 1903-இல் அவர்கள் பறக்கவிட்ட விமானத்தின் விசிறிகளைச் சுழற்றியது செயினும் பல்சக்கரமும்.

இனி இஞ்சி. தோல் சீவாமல் துருவிய இஞ்சி, சர்க்கரை, தண்ணீர். கண்ணாடிப் புட்டியில் போட்டுத் துணியால் மூடி, தினமும் ஒரு கரண்டி இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்துவர வேண்டும். இஞ்சித் தோலில் ஒட்டியிருக்கும் காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாக்களும்தான் மீதி வேலையைச் செய்கின்றன. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அவை சுணங்கிவிடும். கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றுவேன். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று நாளில் நுரை கட்டிக் குமிழி கிளம்பும். பிறகு இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை சேர்த்து வடித்து ஆறவைத்த சாற்றில் இதைக் கலந்து பாட்டிலில் அடைக்க வேண்டும். கண்ணாடி பாட்டில் வெடிக்கக்கூடும் என்பதால் குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டில்தான் பாதுகாப்பு. விரலால் அமுக்கினால் கல்லாக இருக்கிறதென்றால் காற்று ஏறிவிட்டது. உடனே ஃபிரிட்ஜுக்குள். கோலி சோடா பாட்டிலில் இந்தக் காற்றழுத்தத்தையே பூட்டாக வைத்துக்கொண்டார்கள். உள்ளிருக்கும் காற்று கோலியைத் தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தில் அழுத்திப் பிடிக்கும். 1870-களில் இங்கிலாந்துக்காரர் ஹிராம் காட் செய்த உபாயம் அது.

நிஜமான பீரைத் தமிழ்நாட்டில் வீட்டில் காய்ச்சினால் குற்றம். 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கடை நடத்துவது அரசாங்கம் என்பது வேறு கதை. அமெரிக்காவிலேயே 1933-இல் மதுவிலக்கு போன பிறகும் வீட்டு ஒயினுக்குக் கிடைத்த அனுமதி பீருக்குக் கிடைக்கவில்லை. 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் வழிவிட்டது. வயது வந்த ஒருவருக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவர் இருக்கும் வீட்டுக்கு 200. அதே வருஷம் வீட்டில் காய்ச்சுபவர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கிய சார்லி பபேசியன், 1984-இல் புத்தகமும் எழுதினார். பதறாதே, அது பாட்டுக்கு நடக்கும் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் தொனி.

பதறாமல் இருப்பதுதான் கஷ்டம். சைக்கிள் பழகிய கை சும்மா இருக்காது. மூடியைத் திறந்து மோந்து பார்க்கச் சொல்லும், கலக்கச் சொல்லும். நம் வீடுகளில் இட்லி மாவு தினமும் இப்படித்தான் புளிக்கிறது. கரைத்து மூடிவைத்துவிட்டுப் படுக்கப் போகிறவர்கள் நடு ராத்திரியில் எழுந்து வந்து பார்ப்பதில்லை. அதை யாரும் பொழுதுபோக்கு என்று சொன்னதுமில்லை. ஒரு ஆம்பிளை இஞ்சித் தண்ணீரில் நுரை வரவைத்தால் மட்டும் அது ‘ஹாபி’.

கை வைக்காமல் இருக்கும் வித்தையை நான் பார்த்தது கடைசியில் சைக்கிள் கடையில்தான். எங்கள் தெருமுனையில் கடை போட்டிருக்கும் அண்ணனிடம் பின் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அச்சில் கட்டைவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. இதைப் பிரிக்காதீங்க, இந்த வருஷம் ஓடிரும்” என்றார். காசு வாங்கவில்லை. நாளுக்கு இத்தனை வண்டி முடித்தால்தான் சோறு என்றிருப்பவருக்கு எதைத் தொடாமல் விடலாம் என்பதும் தொழிலில் பாதி. எனக்கோ பிரிப்பதுதான் சந்தோஷம். தேவையோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே. அந்த வித்தியாசம் தெரிந்த பிறகு, நானும் மெக்கானிக்தான் என்று அவரிடம் தோரணை காட்டுவதை விட்டுவிட்டேன்.

இப்போது வருகிற பல கியர் சைக்கிள்களில் ஹப்புக்குள் சீல் வைத்த பேரிங். தேய்ந்தால் முழுதாகத் தட்டி எடுத்துவிட்டுப் புதிது அடிக்க வேண்டும். குண்டை அலச வழியில்லை. மழைத் தண்ணீர் எளிதில் உள்ளே போகாது, ஓட்டுகிறவனுக்கு நிம்மதி. இருந்தும் அண்ணனுக்கு அவற்றைப் பிடிக்காது. ஆளில்லாத ஒரு சாயங்காலம் நான் கொண்டுபோன ஜிஞ்சர் பீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “காரம் சரியா இருக்கு, கேஸ்தான் பத்தலை. இன்னும் ஒரு நாள் வெளியவே வச்சிருக்கலாம்” என்றார். சின்ன வயதில் சோடாக் கம்பெனியில் பாட்டில் கழுவியிருக்கிறாராம்.