நாற்காலி வேஷம்

ஸ்னூக்கரில் நான் பார்ப்பது மேசையை அல்ல. சுவரோரமாகப் போட்டிருக்கும் நாற்காலியை.

ஆடுகிறவரைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். அவர் ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு, மறுபடி ஒரு சிவப்பு என்று குழியில் தள்ளிக்கொண்டே போவார். அவர் தவறவிடும்வரை மற்றவருக்கு வேலையே கிடையாது. எழுந்து உலாத்தக் கூடாது, முணுமுணுக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், கோலைத் துண்டால் துடைக்கலாம். கிரிக்கெட்டில் சிக்சர் வாங்கியவன் கையிலேயே அடுத்த பந்தைக் கொடுக்கிறார்கள். டென்னிஸில் எட்டாத பந்துக்கும் ஓடியாவது பார்க்கலாம். இங்கே, தான் தோற்பதை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முகத்தையும் ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும்.

1997இல் ஷெஃபீல்டின் கிரூசிபிள் அரங்கில் ரானி ஓ'சல்லிவன் வரிசையாக 36 முறை பந்தைத் தள்ளி 147 எடுத்தார். ஐந்தரை நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்னூக்கர் பார்க்கிற எல்லாருக்கும் அந்த ஆட்டம் தெரியும். எதிரே உட்கார்ந்திருந்தவர் மிக் பிரைஸ். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற ஸ்னூக்கர் ஆட்டத்தில் அவருடைய பங்கு நாற்காலியில் இருந்ததுதான். எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு.

2025 நவம்பரில் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் உலகப் பட்டம் வென்றபோதும் என் புத்தி நாற்காலிக்குத்தான் போயிற்று. வயது 23. இறுதியாட்டத்தில் எதிரே ஹாங்காங்கின் இங் ஆன் யீ, மூன்று முறை மகளிர் உலக சாம்பியன். ஐந்து ஃபிரேம். முதலாவது அவருக்கு, இரண்டாவது இவருக்கு, மூன்றாவதில் இவர் எடுத்தது 10, அவர் 71. அந்த ஃபிரேமில் பெரும்பாலும் இவர் நாற்காலியில்தான் இருந்திருப்பார் என்று நானாகக் கற்பித்துக்கொள்கிறேன். நான்காவது 78க்கு 20 என்று திரும்பியது. ஐந்தாவது 68க்கு 60. வித்தியாசம் எட்டு, கறுப்புப் பந்து ஒன்றுக்கே ஏழு. பதினைந்து சிவப்புப் பந்து ஆட்டத்தில் இந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் இவர்தான். அந்த மாதத் தொடக்கத்தில்தான் நம் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பையைத் தூக்கியிருந்தார்கள். நாடே இன்னும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. ஸ்னூக்கர்க்காரர்களுக்குக் காத்திருப்பது பழக்கம்தானே.

பெங்களூருவில் பங்கஜ் அத்வானி இருக்கிறார். 2003இல் பதினெட்டு வயதில் சீனாவில் உலக ஸ்னூக்கர் பட்டம். அதிலிருந்து பில்லியர்ட்ஸும் ஸ்னூக்கருமாக 2024க்குள் 28 உலகப் பட்டங்கள். பத்ம பூஷணும் உண்டு. தர்மபுரியிலிருந்து பெங்களூருவுக்கு வாரந்தோறும் வேலைக்குப் போய்வரும் எங்கள் பையன்கள் பக்கத்தில் அவர் வந்து உட்கார்ந்தால், கொஞ்சம் நகருங்க சார் என்பார்கள்.

காத்திருப்பதில் எல்லாரையும் மிஞ்சியவர் நெவில் சேம்பர்லேன். இங்கிலாந்தின் பிரதமராக இருந்தவர் அல்ல, ராணுவ அதிகாரி. 1875இல் ஜபல்பூரில் மழைக்காலத்துச் சலிப்பில் பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து இந்த ஆட்டத்தைக் கிளப்பிவிட்டார். பிறகு ஊட்டி கிளப்பில் அதன் விதிகள் ஒழுங்குபட்டன. அயர்லாந்து போலீசுக்குத் தலைவராகப் போய், 1916 கிளர்ச்சியில் பெயர் கெட்டு, பதவி விலகினார். ஆட்டம் யாருடையது என்று ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருக்க, 1938இல், எண்பது தாண்டிய பிறகு, பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், அது என்னுடையது என்று. அறுபத்துச் சொச்ச வருஷம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் மனிதர்.

எங்கள் பக்கம் உட்காருவது கேரம் போர்டைச் சுற்றி. அதில் பேசாதிருந்தால்தான் தப்பு. ரெட்டைப் போட்டவன் ஃபாலோ போடுமுன் நாலு பேர் நாலு யோசனை சொல்லிக் குழப்புவார்கள். போரிக் பவுடர் போதவில்லை என்பார்கள், முழங்கை உள்ளே வந்துவிட்டது என்பார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவிலிருந்துதான் சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன் ஆனார். சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கினார்.

பேசாமல் உட்காருவதை ஒரு வித்தை என்று நான் கண்டது கூத்தில். பென்னாகரம் பக்கம் ஒரு திரௌபதி அம்மன் திருவிழா. அன்றைக்குப் பகடை துகில். சகுனி காயை உருட்டுகிறான். நாடு போகிறது, தம்பிமார் போகிறார்கள், தர்மர் தானும் போய், பாஞ்சாலியும் போகிறாள். தர்மர் வேஷக்காரருக்கு அதற்கப்புறம் வசனமே இல்லை. பெஞ்சின்மேல் கிரீடமும் புஜக்கட்டையுமாக உட்கார்ந்திருக்கிறார். துச்சாதனன் கூந்தலைப் பிடித்து இழுத்து வருகிறான், முகவீணை கதறுகிறது, கட்டியக்காரனே பகடியை நிறுத்திவிட்டான். என் பக்கத்திலிருந்த கிழவி எழுந்து, "எந்திரிடா பாவி! கல்லாட்டம் குந்திகினு இருக்கியே!" என்று தர்மரைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். அவர் இமைக்கவில்லை. கிழக்கு வெளுக்கும்வரை அப்படியே இருந்தார்.

காலையில் அரிதாரத்தைக் கலைத்துக்கொண்டிருந்தவரிடம் போய், அவ்வளவு நேரம் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள் அண்ணே என்று கேட்டேன்.

"கிரீடத்துலேருந்து வேர்வ எறங்கி கண்ணுக்குள்ள போவும் தம்பி. எரியும். தொடைக்கக் கூடாது. தொடைச்சா தர்மரு அழுவுறாருன்னு நெனச்சிக்குவாங்க. அத நெனச்சிகினு இருந்தேன்."

இப்போது அவர் வேஷம் கட்டுவதில்லை. முழங்கால் வலி. போன மாதம் பார்த்தபோது, அவருக்குப் பிடிக்குமோ என்று கைபேசியில் ஒரு ஸ்னூக்கர் ஆட்டத்தைக் காட்டினேன். விதியெல்லாம் விளக்க ஆரம்பித்தால் கையமர்த்திவிட்டார். மேசைப் பக்கம் அவர் கண்ணே போகவில்லை. நாற்காலியிலிருந்த வெள்ளைக்காரரையே உற்றுப் பார்த்தார்.

"கால ஆட்டுறான் பாரு. உள்ள பயம். இவன் தேற மாட்டான்."

அண்ணே, அந்த ஆட்டத்தில் ஜெயித்ததே அவர்தான் என்றேன்.

நம்பவில்லை. "மறுக்கா போடு" என்றார்.